பெட்டிக்குள் வந்த மழைக்காலம்

எனக்கு இடது காது கேட்காது. நேரில் பேசும்போது, கேள்வி இருப்பவர்கள் வலது பக்கமாக வந்து உட்காருங்கள் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இந்த முறை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. சில விஷயங்களை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடிவதில்லை, பாதியில் நிறுத்தி டீ குடிக்கப் போய்விடுகிறேன்.

பயிற்சிக் கையேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் 'பணி ஓய்வு' என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்து நாலு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லை, தம்பிகளே. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் குடோனுக்கும் லோடு அனுப்புவதற்கும் பொறுப்பாளனாக இருந்தேன். இப்போது இல்லை. விருதுநகரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் புவியியல் நடத்துகிறேன்.

நாளை முதல் நீங்கள் நிற்கப் போவது நான் நின்ற இடத்தில். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, உள்ளே எத்தனை பேர், எதைத் தொட்டால் எதைத் தொடக் கூடாது, இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பாடம் நடத்தியிருப்பார்கள். நான் சொல்லப் போவது உலகத்தின் காலநிலைகளைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். என் மதினியும் இப்படித்தான் சிரித்தார்.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. அப்பாவும் அம்மாவும் முதலில் காட்டு வேலைக்குப் போனார்கள், பிறகு பட்டாசு வேலைக்கு. வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியில் ஏன் புவியியல் எடுத்தாய் என்று கேட்டால் பெருமையான பதில் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பிரிவில்தான் இடம் இருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர் பேச்சியம்மாள் மதினி. எனக்குப் பரீட்சை என்றால் தெருவில் ஒருவரும் சத்தமாகப் பேச முடியாது. "எங்க வீட்டுல ஒரு கலெக்டர் படிக்கான், கொஞ்சம் வாய மூடுறீகளா?" என்று வாசலில் நின்று கத்துவார். அந்தக் கத்தல்தான் எனக்குப் பெரிய இடைஞ்சல்.

கல்லூரியில் எங்களுக்குக் காலநிலையியல் நடத்திய அம்மா ஒருவர். உலக வரைபடத்தை மாட்டிவிட்டு, வண்ணங்களை மனப்பாடம் செய்யாதீர்கள் என்பார். "ஒருத்தர் ஒன்றை வகை பிரித்து வைத்திருக்கிறார் என்றால், அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கேள்வி என்ன என்று முதலில் தெரிந்துகொள்." உலகத்தை ஐந்து ஆங்கில எழுத்துகளாகப் பிரித்தவர் ஒரு தாவரவியல்காரர். எந்தச் செடி எங்கே உயிரோடு நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டவர். நிலநடுக்கோட்டை ஒட்டி வெப்பமும் ஈரமுமாக ஏ. அங்கிருந்து விலக விலக மிதமான சி, கடுங்குளிர்காலம் கொண்ட டி, கடைசியில் துருவத்தில் ஈ. இந்த நான்கையும் பிரித்தது வெப்பத்தை வைத்து. நடுவில் இருக்கும் பி மட்டும் வேறு சாதி. அதற்கான கேள்வி, எவ்வளவு சூடு என்பதல்ல. எவ்வளவு மழை என்பதுகூட அல்ல. பெய்த மழையை வெயிலும் காற்றும் எவ்வளவு குடித்துவிடுகின்றன என்பதுதான். அதனால் பி ஒழுங்கான வளையமாக வராது. பெரிய பாலைவனமாகப் பரந்து கிடக்கும், இல்லாவிட்டால் மலைகளின் முதுகுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாம் மலையின் முதுகுப் பக்கம். மேற்கே இருக்கிற மலை, கடலிலிருந்து வரும் காற்றைப் பிழிந்துவிட்டு நமக்குச் சக்கையை அனுப்புகிறது. அந்தச் சக்கைக் காற்றில்தான் நம் பட்டாசு மருந்து காய்கிறது, தீப்பெட்டி காய்கிறது, அச்சடித்த தாள் காய்கிறது.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "இந்த எழுத்துகள் எல்லாம் பல வருஷத்துச் சராசரி. சராசரி என்பது யாருக்கும் நடக்காத ஒரு நாள்." அன்று அதைப் பரீட்சைக்கு உதவாத வாக்கியம் என்று நினைத்துக் குறித்துக்கொள்ளவில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், லோடு அனுப்பும் அறையின் சுவரில் அந்த வரைபடத்தை ஒட்டியது. எந்த ஊர் ஆர்டர் எந்த எழுத்துக்குப் போகிறது என்று பார்த்துத்தான் பெட்டிக்குள் ஈரம் புகாமல் இருக்க எத்தனை உறை போடுவது என்று முடிவு செய்தேன். மதினியும் அதே கம்பெனியில்தான் வேலை. ஆறு பெண்கள் கொண்ட ஒரு செட்டுக்கு அவர் தலைவி மாதிரி. தண்ணீர் குடிக்க வந்தவர் வரைபடத்தின் முன்னால் நின்றார்.

"ஏலே, இதுல நம்ம ஊரு எங்கன இருக்கு?"

"இந்தா மதினி, இந்த மஞ்சப் பட்டையில."

"வெரல வச்சா ஊரே மறைஞ்சு போகுது. இதுக்காலே மூணு வருசம் பஸ்ஸுல தொங்கிட்டுப் போன?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். மதினி விடவில்லை. "பக்கத்துலயே பச்சையா இருக்கே, அது யாரு?"

"மலைக்கு அங்கிட்டு. கேரளா. அது ஏ."

"மேல வெள்ளையா?"

"அது ஐஸ் ஊரு. ஈ-ன்னு எழுத்து. வருசம் பூராவும் குளிருதான்."

"அங்கன தீவாளிக்கு வெடி வாங்குவாகளா?"

"அங்க ஆளே இல்ல மதினி."

"ஆளே இல்லாத ஊருக்கு ஒரு எளுத்து வச்சிருக்கான் பாரு, வேல இல்லாதவன்." தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தார். "என்னய ஒரு நாளாவது அங்கன கூட்டிட்டுப் போலே. இந்த வெயிலக் குடிச்சுக் குடிச்சு நாக்கு வறண்டு போச்சு."

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. லாரி கிளம்பும்போதெல்லாம், "இந்த லோடு எந்த எளுத்துக்குப் போகுது, கலெக்டரே?" என்று ஷெட் வாசலில் இருந்து குரல் வரும். நானும் சொல்வேன். வெகு சீக்கிரத்தில் அவரது செட் பெண்களுக்கு ராஜஸ்தான் பி என்றும், இமயமலைப் பக்கம் போவது டி என்றும் தெரிந்துவிட்டது.

அந்த டி-யில் இருந்து ஒரு முறை புகார் வந்தது. வடக்கே ஒரு மலை ஊர்க் கடைக்காரர், தரைச் சக்கரம் எல்லாம் நமுத்துவிட்டது என்று போனில் சண்டை போட்டார். மழையே இல்லாத மாதம். எங்கள் மானேஜர் அண்ணாச்சி, "பொய் சொல்லுதான் தம்பி, விக்காத சரக்க நம்ம தலையில கட்டப் பாக்கான்" என்றார். நான் அந்தக் கடைக்காரரிடம் பெட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். குளிர்ந்த நிலவறையில் வைத்திருந்து, அடுப்பு எரிகிற கடைக்குள் கொண்டுவந்து உடனே பிரித்திருக்கிறார். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த கலர் பாட்டில் வியர்க்குமே, அதுபோல ஒவ்வொரு சக்கரமும் வியர்த்திருக்கிறது. மனுஷர் பொய் சொல்லவில்லை. ஈரம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, ஒரு காலநிலையில் இருந்து இன்னொன்றுக்குள் நுழையும் வாசலிலும் நிற்கிறது என்று அன்று எனக்குப் புரிந்தது. நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதைப் புரிந்துகொண்ட பெருமையில் நான் சில நாள் நடந்தேன்.

இனி அந்த ஆவணி மாதம்.

சீசன் உச்சத்தில் இருந்தது. தீபாவளி நெருங்குகிறது, வந்த ஆர்டருக்குச் சரக்கு போதவில்லை. மலைக்கு அங்கிட்டு, கடலோர ஊர் ஒன்றில் விஷுவுக்காக எங்களிடம் வாங்கிய ஒரு வியாபாரி கடையை மூடிவிட்டு, விற்காததைத் திருப்பி அனுப்பினார். விஷு சித்திரையில். அதற்குப் பிறகு அங்கே மழைக்காலம் முழுவதும் அந்தப் பெட்டிகள் கடல் காற்று வீசும் குடோனில் கிடந்திருக்கின்றன. பெட்டிக்குள் நாங்கள் போட்டிருந்த உறைகள் ஒரு கோடை விற்பனைக்குப் போட்டவை, மூன்று மாத மழைக்கு இல்லை. காலையில் தூறலில் கிளம்பிய லாரி, கணவாய் ஏறி, செங்கோட்டை இறங்கி, மதியம் எங்கள் வெயிலில் வந்து நின்றுவிட்டது. வரைபடத்தில் அது பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஒரு விரல் அகலம்.

திரும்பி வந்த சரக்கைப் பற்றி விதி என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துப் பழக்கம் என்ன என்றும் உங்களுக்குத் தெரியும். பெட்டியைப் பிரி, வெயிலில் பரத்து, காய்ந்ததும் புதுப் பெட்டியில் போடு. வெயில் எதையும் சரிசெய்துவிடும் என்பது இங்கே பிறந்த எல்லோருடைய உடம்பிலும் இருக்கிற நம்பிக்கை. மிளகாய் காய்கிறது, கருவாடு காய்கிறது, துவைத்த சேலை பிழிந்து உதறுவதற்குள் காய்கிறது. பட்டாசு மட்டும் காயாதா?

அட்டைப்பெட்டி விஷயமாகச் சிவகாசி போயிருந்த நான் திரும்பி வந்தபோது லாரி பேக்கிங் ஷெட்டை ஒட்டி, வேப்ப மர நிழலில் நின்றது. கொஞ்சம் பெட்டிகளை ஏற்கெனவே இறக்கி, தூரத்தில் இருந்த காயப்போடும் மேடைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அங்கே மதினியும் அவரது செட்டும் குனிந்து நின்று பரத்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டியை விட்டு வெகுதூரம் தள்ளி, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்னண்ணே, நிழல விட்டுட்டு வெயில்ல உக்காந்திருக்கீக?"

"வண்டியில மாட்டுக்கொட்டகை வாடை அடிக்கி சார். புனலூர்ல பிடிச்சது. மொதல்ல லேசா இருந்துச்சு. மலை எறங்க எறங்க கண்ணு எரியுது. போன ட்ரிப்புல எவனோ மாட்ட ஏத்திருக்கான்."

மாட்டை யாரும் ஏற்றவில்லை. ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள்ளே தானாக வேலை செய்ய ஆரம்பித்தால் அந்த வாடை வரும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். லாரியின் பின்பக்கம் ஏறி, பெட்டிகளுக்கு நடுவில் கையை விட்டேன். மேலே, வழியெல்லாம் வெயில் பட்டு வந்த பெட்டி சூடாக இருந்தது. கீழே, வெயிலே படாத பெட்டி அதைவிடச் சூடாக இருந்தது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். நிழலில் இருப்பது வெயிலில் இருப்பதைவிடச் சூடாக இருந்தால், அந்தச் சூடு சூரியனுடையது இல்லை.

மானேஜர் அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் போனும் கையுமாக நின்றார்.

"வாங்க தம்பி. சரக்கப் பாத்தீகளா? நமுத்துப் போய் அனுப்பிருக்கான். ரெண்டு வெயில் காட்டுனா கலகலன்னு ஆயிரும்."

"அண்ணாச்சி, வண்டிய இப்பவே வெளிய எடுக்கணும். எல்லா ஷெட்டையும் நிப்பாட்டி ஆட்கள கேட்டுக்கு வெளிய அனுப்புங்க."

"சீசன்ல ஷெட்ட நிப்பாட்டவா? என்ன பேச்சு பேசுதீக?"

"உள்ள கொதிக்கி அண்ணாச்சி. கைய வச்சுப் பாத்துட்டுத்தான் வாரேன்."

"அது வெயிலு தம்பி. இது வறண்ட பூமி. இங்கன எது நனஞ்சாலும் ஒரு பொளுதுல காஞ்சிரும். அதுக்குத்தான இந்தத் தொழிலே இங்கன வந்துச்சு? நீங்க ஒட்டி வச்சிருக்க மேப்புலயே மஞ்சளாத்தான இருக்கு?"

"பூமி மஞ்சள்தான். பெட்டி பச்சை அண்ணாச்சி. அதுக்குள்ள மூணு மாசத்து மழை இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. "மொதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. போனை எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு, தானே ஓடிப்போய் மணியை அடித்தார். அந்த மணியைக் கேட்டுத்தான் பேக்கிங் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே போனார்கள்.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு இடம். ஒன்று, லாரி. முக்கால்வாசி சரக்கு அதில்தான். பக்கத்திலேயே ஆட்கள் நிறைந்த ஷெட். இன்னொன்று, மேடை. கொஞ்சம் சரக்கு, ஆறு பெண்கள், அதில் ஒருவர் என் மதினி. நான் லாரிக்குப் போனேன். யோசித்தெல்லாம் போகவில்லை என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் போனேன்.

டிரைவர் ஏற மறுத்தார். "எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு சார். விட்டுருங்க."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுண்ணே. நான் பக்கத்துல உக்காருதேன். எடுங்க."

அவர் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு ஏறினார். அந்த மனிதரின் திட்டைப் போல மரியாதையான ஒன்றை நான் இன்னும் கேட்டதில்லை. வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாக மேடையைப் பார்த்துக் கத்தினேன். "மதினி! சரக்குல ஈரம்! ஓடுங்க!" மதினி கையைத் தூக்கிக் காட்டினார். பெண்கள் மேடையை விட்டு இறங்குவது தெரிந்தது. சரி, கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கேட்டுக்கு வெளியே, விதைக்காமல் கிடந்த கரிசல் காட்டின் நடுவில் லாரியை நிறுத்தினோம். டிரைவர் கண்மாய்க் கரையைப் பார்த்து ஓடினார். நான் கேட்டைப் பார்த்து ஓடினேன். ரோட்டோரம் கூடி நின்ற கூட்டத்தில் மதினியின் செட் பெண்கள் இருந்தார்கள். மதினி இல்லை.

"மதினி எங்க?"

ஒரு பெண் சொன்னாள். "நீங்க போங்கடி, நான் மூடிட்டு வாரேன்னாக."

தம்பிகளே, இதுதான் உங்களுக்காக நான் எழுதுகிற இடம். மற்றதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள்.

நம் பக்கத்தில் மருந்தோ மிளகாயோ எதையாவது பரத்திப் போட்டிருக்கும்போது மேகம் கட்டினாலும் மணி அடித்தாலும் கைகள் முதலில் செய்வது ஒன்றுதான். வாரிக் குவிக்கும். தார்ப்பாயைப் போட்டு மூடும். நாலு மூலையிலும் கல் வைக்கும். அதன் பிறகுதான் கால் நகரும். பரத்தியதை அப்படியே போட்டுவிட்டு இறங்குகிறவளை வேலை தெரியாதவள் என்பார்கள். ஈரம் என்றால் அது மேலிருந்து வருவது, அதிலிருந்து சரக்கைக் காப்பாற்ற வேண்டும். மழை அபூர்வமாகப் பெய்கிற ஊரின் கைகள் பல தலைமுறையாகக் கற்றது அது. ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, மூடினால் அது வெளியே போகாது என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கான காரணம் இந்த ஊரில் அதுவரை வந்ததில்லை.

தனித்தனியாகக் கிடந்தவரை ஒவ்வொன்றின் சூட்டையும் காற்று எடுத்துப் போயிருக்கும். குவித்து, மூடி, வெயிலில் வைத்தபோது, எங்கள் மஞ்சள் பட்டையின் நடுவில் மதினி ஒரு மழைக்காட்டைக் கட்டிவிட்டார். வெப்பம், ஈரம், அசையாத காற்று. ஏ என்ற எழுத்துக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது.

நான் உள்ளே ஓடினேன். மதினி கடைசி மூலைக்குக் கல் தூக்கிக்கொண்டிருந்தார்.

"மூடாதீக! விட்டுட்டு வாங்க மதினி!"

"வாரேம்லே, கத்தாத. ஒரு கல்லுதான். காத்துல பறந்துருச்சுன்னா யாரு பதில் சொல்லுறது?" கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் ஓடிவருவதைப் பார்த்துச் சிரித்தார். "கலெக்டரு ஓடுற ஓட்டத்தப் பாரு. வேட்டி..."

தார்ப்பாய் ஒரு முறை மூச்சு இழுத்தது போல எழும்பியது. அதற்குப் பிறகு என் இடது காதில் எதுவும் விழவில்லை, இன்றுவரை.

கரிசல் காட்டில் நின்ற லாரி வெடிக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி அழித்தார்கள். ஒரு பெட்டிகூடப் பற்றவில்லை. நான் பயந்தது நடக்கவில்லை, கையசைத்ததைப் பார்த்து நான் சரி என்று விட்டுவந்தது நடந்தது. விசாரணையில் ஒருவர் கேட்டார், "நீங்க ஏன் முதல்ல வண்டிக்குப் போனீங்க?" ஷெட்டில் இருந்தவர்களைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். என்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அதே நிலைமை நாளை வந்தால் நான் மறுபடியும் லாரிக்குத்தான் போவேன். போக வேண்டும், நீங்களும் போங்கள். அதை மதினி விட்டுப்போன இரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது. பெரியவன் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பண்டிகைக்குப் போனால் என் இடது பக்கம்தான் உட்காருகிறான்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இது வறண்ட பூமி என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல்லுங்கள், அது உண்மை. ஆனால் கேட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எழுத்து உண்டு. அது இந்த ஊரின் எழுத்து இல்லை, அது எங்கே கிடந்துவிட்டு வருகிறதோ அந்த ஊரின் எழுத்து. இப்போது நம் வானமும் பழைய சராசரியைப் பார்த்துப் பெய்வதாகத் தெரியவில்லை. வாசலில் நின்று முகர்ந்து பாருங்கள். நிழல் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அது உள்ளே வரவே வேண்டாம்.

இன்னொன்று. ஓடு என்று சொன்னால் போதாது. கைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குவிக்காதே, மூடாதே, கிடந்தது கிடக்கட்டும். இதை ஒரு நாள் வகுப்பில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். வாரா வாரம் மணி அடித்து, பரத்தியதைப் பரத்தியபடி விட்டு இறங்கிவரப் பழக்குங்கள். பெண்கள் திட்டுவார்கள். கேலி பேசுவார்கள். பேசட்டும். காலுக்கு முன்னால் கை நகராத அளவுக்குப் பழக்குங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மதினியை அந்த மேடையிலேயே விட்டுவிட்டு முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் சேர்த்திருந்தோம். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவரால் உள்ளே வர முடியவில்லை. மதினியின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. நான் வலது காதைக் கொண்டுபோய் அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நடுங்கிக்கொண்டிருந்தார். உடம்பில் தோல் இல்லாவிட்டால் சூடு நிற்காதாம், நர்ஸ் சொன்னார்கள். அண்ணன் அதைக் கேட்டதும் கம்பளி வாங்கிவர ஓடினார். இந்த வார்டில் கம்பளி போர்த்தக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏலே."

"சொல்லுங்க மதினி."

"குளிருதுலே. ரொம்பக் குளிருது. இது எந்த எளுத்து?"

மதுரைக்கு என்ன எழுத்து என்று எனக்குத் தெரியும். தேர்வில் யார் கேட்டாலும் சொல்வேன்.

"ஈ மதினி," என்றேன்.

"பொய் சொல்லாத."

"நெசந்தான். ஈ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று கட்டுக்கு மேலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப கூட்டிட்டு வந்துட்டியே," என்றார்.

அண்ணன் கம்பளியோடு வந்து வாசலில் நின்றார்.